வான் கதவுக்குக் கீழே

மாரி இறுகும் டிசம்பரில் வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு செய்தி வரும்: இரணைமடுக் குளம் நிறைஞ்சு வான் பாயுது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை குளக்கட்டில் கால் வைக்க இடமிராது. மோட்டார் சைக்கிள்கள், ஓட்டோக்கள், குடாநாட்டிலிருந்து மூன்று குடும்பம் சேர்ந்து பிடித்துவந்த ஹயஸ் வாகனங்கள். கச்சான் வறுப்பவர் ஒரு பக்கம், அவித்த சோளம் விற்பவர் இன்னொரு பக்கம், நடுவில் பாட்டுப் போட்டபடி ஐஸ்கிறீம் வண்டி. பழுப்பு நிறத் தண்ணீர் கதவுகளுக்குக் கீழே நுரைத்து விழுவதைப் பார்த்துக்கொண்டு பெரியவர்கள் நிற்பார்கள். இறங்கக்கூடாது என்ற இடத்தில் பொடியள் இறங்குவார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது, விளம்பரமும் கிடையாது. கதவு மூடப்பட்டதும் கூட்டம் கலைந்துவிடும்.

இதற்குப் ‘பொழுதுபோக்குப் பொருளாதாரம்’ என்று பெயர் சூட்டினால் கச்சான்காரர் சிரிப்பார். ஆனால் அவருடைய அந்த வார வருமானத்தைத் தீர்மானிப்பது ஒரு பொறியியலாளர் கதவை எத்தனை அங்குலம் உயர்த்துகிறார் என்பதுதான். ஆற்றின் கீழ்ப்பகுதியிலோ வேறொரு கூட்டம் இதே கதவை நம்பி இருக்கிறது. அது சுண்டிக்குளத்தில் பூநாரை பார்க்க வருபவர்களின் கூட்டம். குளக்கட்டில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் பாய்ந்து விழவேண்டும். சுண்டிக்குளத்துக்கு வருபவர்களுக்கு அது கணுக்கால் அளவில் பரந்து கிடக்கவேண்டும். ஒரே நீர், ஒரே மாதம், இரண்டு விதமான தேவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியில் விழும். தொண்டைமானாறு உண்மையில் ஒரு நீண்ட கடனீரேரி. எனவே அணையும் ஆறும் பற்றிப் பேசவேண்டுமானால் குடாநாடு பெருநிலத்தோடு ஒட்டும் மண்கழுத்துக்குப் போகவேண்டும். வவுனியாப் பக்கத்துக் காடுகளில் தொடங்கி வடக்கே வரும் கனகராயன் ஆறு, இரணைமடுவில் மறிக்கப்பட்டு, மிஞ்சியது வட்டக்கச்சி, கண்டாவளைப் பக்கமாக இறங்கிச் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. அங்கே ஆனையிறவுவரை நீளும் பரவைக்கடல். கிழக்கே ஒரு மணல் திட்டு. அதற்கப்பால் வங்காள விரிகுடா. 1938இல் இந்தப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசிய பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது.

இரணைமடுக் கட்டு வேலை 1902இல் தொடங்கி 1921 அளவில் முடிந்தது. அப்போது அது ஏறத்தாழ 49 மில்லியன் கனமீற்றர் நீரைத் தாங்கியது. பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும் கட்டைக் கொஞ்சம் உயர்த்தியது. 1950களின் தொடக்கத்தில் கொள்ளளவு இருமடங்கானது. 1970களில் மீண்டும் உயர்ந்து 131 மில்லியன் ஆனது. போர் முடிந்தபின் நடந்த புனரமைப்பில் 148 மில்லியனை எட்டியது. வயல்காரருக்கு இது நல்ல செய்தி. இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல் இந்தக் குளத்தை நம்பியிருக்கிறது. ஆனால் அந்த நான்கு எண்களையும் கடனீரேரிப் பக்கமிருந்து வாசித்தால் வேறு பொருள் கிடைக்கும். ஆரம்பத்தில் 49 மில்லியன் நிறைந்ததும் வழிந்த குளம், இன்று அதைப்போல் மூன்று மடங்கு நிறைந்த பிறகே வழிகிறது. ஒவ்வோர் உயர்த்தலும் வான் பாயும் நாளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. மழை குறைந்த ஆண்டில் அந்த நாள் வராமலே போகும்.

அணை ஆற்றில் இருந்து எடுத்துக்கொள்வது தண்ணீரின் அளவை மட்டும் என்று நாம் நினைப்பதுண்டு. அதைவிட முக்கியமாக அது எடுத்துக்கொள்வது நேரத்தை. அணை இல்லாத கனகராயன் ஆற்றைக் கற்பனை செய்து பாருங்கள். ஒக்ரோபரில் முதல் மழை விழும், ஆறு கொஞ்சம் புரளும், நாலு நாள் வெயில், மறுபடி மழை, நவம்பரில் இன்னும் பெரிய புரளல். கடனீரேரி படிப்படியாக நிறையும், படிப்படியாக உவர் குறையும். இப்போது அணையை வையுங்கள். சிறுபோகம் முடிந்து குளம் வற்றிக் கிடக்கும் நேரத்தில் மழை தொடங்குகிறது. 588 சதுர கிலோமீற்றர் நீரேந்து பரப்பிலிருந்து வரும் முதல் நீர் முழுவதும் குளத்துக்குள் அடங்கிவிடும். ஒக்ரோபரின் சின்னப் புரளலும் நவம்பரின் நடுத்தரப் புரளலும் கடனீரேரிக்குத் தெரியாமலே முடிந்துபோகும். அங்கே நேரே விழும் மழையும் அக்கம்பக்கத்துச் சிற்றாறுகளும்தான் வேலை செய்கின்றன. பிறகு டிசம்பரில் குளம் நிறைந்து, அதற்குமேல் ஒரு தாழமுக்கம் வந்தால், கதவுகள் ஒன்றாகத் திறக்கும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியின் தாழ்வான ஊர்கள் மூழ்கியபோது, கதவுகளை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் கேள்வி அது. பறவைகளுக்கு வாயிருந்தால் அவையும் ஏறத்தாழ அதையேதான் கேட்டிருக்கும்.

ஏன் என்று விளங்கவேண்டுமானால் பரவைக்கடலின் தரையைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். தோசைக்கல் போலத் தட்டையான தரை அது. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீர்மட்டம் பத்துச் சென்ரிமீற்றர் ஏறினால் கரை அரைக் கிலோமீற்றர் பின்வாங்கும். கடனீரேரியின் நீர்ப்பரப்பை 50 சதுர கிலோமீற்றர் என்று கொண்டால், அந்தப் பத்துச் சென்ரிமீற்றருக்குத் தேவை 50 லட்சம் கனமீற்றர். நிறைந்த இரணைமடுவில் அது முப்பதில் ஒரு பங்கு. கதவைத் திறப்பவருக்கு அது கைத்தவறு அளவுகூட இல்லை. கரையில் இரை தேடும் பறவைக்கு முழு உலகமும் அரைக் கிலோமீற்றர் இடம்பெயர்ந்துவிடும்.

பறவைகள் தண்ணீரைப் பங்குபோட்டுக்கொள்வது கால் நீளத்தை வைத்துத்தான். கொசு உள்ளான் போன்ற சின்னக் கரைப்பறவைகளுக்குச் சேறு நனைந்திருந்தால் போதும். ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீரே அவற்றுக்கு ஆழம். பவளக்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் அதைவிடக் கொஞ்சம் உள்ளே போகும். ஊசிவால் வாத்து போன்றவை நீந்தியபடியே தலையைக் கவிழ்த்து வாலை வானத்துக்குக் காட்டி மேய்பவை. அடித்தரை கழுத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், ஏறத்தாழ முப்பது நாற்பது சென்ரிமீற்றர். பூநாரை இவை எல்லாவற்றையும்விட ஆழத்தில் நின்று, அலகைத் தலைகீழாகப் பிடித்துச் சேற்றுநீரை வடிகட்டும். ஆகவே ஒரே கடனீரேரியில் ஐந்தாறு ஆழங்கள் ஒரே நேரத்தில் இருந்தால் ஐந்தாறு கூட்டங்கள் ஒரே நேரத்தில் இருக்கும். தொலைநோக்கியோடு வருபவர் தேடுவதும் அதைத்தான்.

மாரி முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் என் பார்வையில் இந்த இடத்தின் அழகான பௌதிகம் இருக்கிறது. ஜனவரி கடைசியிலிருந்து வெயிலும் காற்றும் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் நீரைக் குடிக்கத் தொடங்கும். மேலே போட்ட சரிவுக் கணக்கின்படி அது நாளுக்கு இருபத்தைந்து முப்பது மீற்றர் அகலமான புதிய சேற்றுப் பட்டை. நேற்று வரை நீருக்கடியில் இருந்த புழுவும் நத்தையும் பூச்சிக் குடம்பியும் இன்று வெளியே. மறுநாள் அடுத்த பட்டை. சைபீரியாப் பக்கம் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கவேண்டிய பறவைகளுக்கு இதைவிட ஒழுங்கான பந்தி வைக்கமுடியாது. அந்த நேரத்தில் மேலே பருவம் தப்பிய ஒரு மழை பெய்து, நிறைந்த குளத்தைக் காப்பாற்றக் கதவு திறந்தால், வெயில் மூன்று வாரம் பாடுபட்டு வெளிக்காட்டிய சேறு ஓரிரவில் மூடிக்கொள்ளும். பறவைகள் சாகாது. வேறிடம் போய்விடும். அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு வந்த வாகனத்துக்குத் தண்ணீர் மட்டும் மிஞ்சும்.

உவர் இன்னொரு கதை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கடனீரேரி மாரியில் அதற்கு மிகக் கீழேயும் கோடையில் அதற்கு மேலேயும் போகும். மிக உவர்ந்த நீரில் மீன் தாக்குப்பிடிக்காது. அதனால் அங்கே ஆர்ட்டீமியா என்ற சிறிய உவர்நீர் இறால் எதிரியில்லாமல் பெருகும். பூநாரையின் இளஞ்சிவப்பு அது உண்ணும் இத்தகைய உயிர்களிலும் பாசிகளிலும் உள்ள கரோட்டினொயிட் நிறமியிலிருந்து வருவது. வாத்துகளுக்கு வேண்டிய நீர்ப்பூண்டுகளோ உவர் குறைந்தால்தான் வளரும். வலைக்காரருக்கு வேண்டியது இரண்டுக்கும் நடு: மணல் திட்டு உடைந்து முகத்துவாரம் திறக்கும்போது கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வந்து, அரை உவர்நீரில் வளரவேண்டும். முகத்துவாரத்தை உள்ளிருந்து தள்ளி உடைப்பது மழைநீர். ஆகவே யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் சுற்றுலாக்காரர் கேட்டு வாங்கும் இறால் குழம்புக்கும் வான் கதவுக்கும் ஓர் உறவு இருக்கிறது.

சுண்டிக்குளத்தில் புழங்கும் பணம் பெரிய பணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பறவை பார்ப்பவர் ஒருவர் வாகனக் கூலி, வழிகாட்டி, இரண்டு நேரச் சாப்பாடு, ஓர் இரவு அறை என்று செலவழிப்பார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இராணுவமே சுண்டிக்குளத்தில் ஓய்வு விடுதி நடத்தியது. அந்தப் பணம் ஊருக்குள் எவ்வளவு சுவறியது என்று கேட்பதில் நியாயம் உண்டு. இன்னொரு சிக்கல் நாட்காட்டி. குடாநாட்டுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் திரண்டு வருவது ஓகஸ்ட்டில், பள்ளி விடுமுறைக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கு, தொண்டைமானாற்றங்கரைச் செல்வச் சந்நிதிக்கு. அப்போது சோளகம் அடிக்கும். சுண்டிக்குளத்தில் பல இடம் உப்புப் பூத்த வெறுந்தரை. ரொறன்ரோவிலிருந்து வந்தவர் பிள்ளைகளுக்குப் பூநாரை காட்டவேண்டும் என்று கேட்டால் சாரதி தலையைச் சொறிவார். பறவைகள் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் பாதை சேறு. பறவையைக் கொண்டுவரும் மழையே பார்ப்பவரின் வழியை அடைக்கிறது. ஆக, நல்ல வருமானம் தரக்கூடிய காலம் ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள்தான். இவ்வளவு ஒடுங்கிய காலத்தில் ஒரு வாரம் பிழைத்தால் ஆண்டில் பெரும்பங்கு பிழைத்தது.

அணைக்குக் கீழே வாழும் பொழுதுபோக்குத் தொழிலுக்கு இந்தத் தலைவலி எங்கும் உண்டு. களனி கங்கையில் கித்துல்கலப் படகுக்காரர்கள் பல ஆண்டுகளாக மேலேயுள்ள லக்சபான மின்நிலையங்கள் விடும் நீரில்தான் வெள்நீர்ச் சவாரி நடத்துகிறார்கள். 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்குப் பாலம் கட்டி உடைத்த அதே இடம். அங்கே 35 மெகாவாற் புரோட்லண்ட்ஸ் அணை வந்தபோது, சவாரி நேரத்தில் எவ்வளவு நீர் விடப்படும் என்பதே படகுக்காரரின் முதல் கவலையாக இருந்தது. காவிரியில் ஒகேனக்கல் பரிசல்காரருக்கு நாளைய கூலி தருமபுரிச் செய்தியில் வரும் ஓர் எண்ணில் இருக்கிறது. கர்நாடகத்தின் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிறைந்து, பிலிகுண்டுலுவில் அளக்கும் கன அடி ஏறினால் பரிசலுக்குத் தடை. பரிசல் நின்றால் எண்ணெய் தேய்ப்பவரும் மீன் வறுப்பவரும் கூடவே நிற்பார்கள். ஆனால் ஒரு நன்மை: அந்த எண்ணை எல்லாரும் அறிவார்கள்.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில். 1963இல் கிளென் கன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியதும், சேறும் சிவப்புமாக ஓடிய ஆறு கீழே தெளிந்து குளிர்ந்தது. மின்தேவை ஏறும் மாலையில் நீர் ஏறும், நள்ளிரவில் இறங்கும். கிராண்ட் கன்யனில் இரவு மணல்கரையில் கூடாரமடித்த பயணிகள் விடியலில் எழுந்து பார்த்தால் படகு உலர்ந்த பாறைமேல் கிடக்கும். அணை மணலை மேலேயே பிடித்துக்கொண்டதால் கூடாரமடிக்கும் மணல்கரைகளும் ஆண்டுக்காண்டு கரைந்தன. இன்னொரு பக்கம், அதே குளிர்ந்த தெளிநீரில் ட்ரவுட் மீன் கொழுத்தது; லீஸ் பெர்ரி என்ற இடம் தூண்டில்காரரின் சொர்க்கமானது. 1980களில் ரிச்சர்ட் பிஷப் என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் பயணிகளையே கேட்டு மதிப்பிட்டபோது, வெள்நீர்ச் சவாரிக்காரருக்கு வினாடிக்கு 30,000 கன அடியை ஒட்டிய ஓட்டமும், தூண்டில்காரருக்கு 10,000 கன அடியை ஒட்டிய ஓட்டமும் உச்சத் திருப்தி தருவதாகத் தெரிந்தது. ஆற்றுக்கு ‘நல்ல ஓட்டம்’ என்று ஒன்று இல்லை, யாருக்கு என்று கேட்டால்தான் விடை உண்டு என்பதை அந்த இரண்டு எண்கள் காட்டிக்கொடுத்தன.

1996 மார்ச்சில் அணையை நடத்துபவர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். ஒரு பங்கு மின் உற்பத்திக்குப் பயன்படாது என்று தெரிந்தும் ஏழு நாட்கள் வினாடிக்கு 45,000 கன அடி நீரைத் திறந்துவிட்டார்கள். செயற்கை வெள்ளம். மணல்கரைகள் எழுந்தன, பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஆற்றில் அப்போது புதிய மணல் போதிய அளவு இருக்கவில்லை. பிறகுதான் பாரியா என்ற துணையாறு மணலைக் கொட்டிய உடனே வெள்ளம் விடுவது என்று முறையை மாற்றினார்கள். நீர் அதே நீர்தான். நேரம்தான் மாறியது.

நம்முடைய பக்கம் விவாதம் வேறு திசையில் போகிறது. இரணைமடுவைப் பற்றி எழுதுபவர்கள் வான் பாயும் நீர் ‘கடலில் வீணாகிறது’ என்று எழுதாமல் விடுவதில்லை. நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம். குடாநாட்டுக் கிணறுகள் உவராகும் நிலை அப்படி. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டமும் இதே ஆதங்கத்தில் பிறந்தது. ஆனையிறவுக் கடனீரேரியை இரு பக்கமும் மறித்து நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டு உவரைத் தடுப்பது. தொண்டைமானாற்றுக் கதவுகள் வந்தன. சுண்டிக்குளத்து மண்கட்டு வெள்ளத்தில் உடைந்தது. முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. திட்டம் மட்டும் அரசாங்கத்துக்கு அரசாங்கம் உயிர்த்தெழுந்துகொண்டே இருக்கிறது.

ஆறுமுகத்தின் திட்டத்தில் நிலத்தடி நீர் பற்றிய கூர்மையான புரிதல் இருக்கிறது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1950களின் கணக்கேட்டில் பூநாரை பார்க்க வருபவருக்கு நிரல் கிடையாது. வலைக்காரருக்கும் பெரிதாகக் கிடையாது. இன்று அந்தக் கடனீரேரியை நன்னீராக்கினால் ஆர்ட்டீமியா போகும், அதோடு பூநாரையும் போகும். கடல் இறால் போகும், திலாப்பியா வரும். வாத்துகளில் சில மகிழும். படகுச் சவாரியும் தாமரையும் வரலாம்; லீஸ் பெர்ரியில் ட்ரவுட் வந்ததுபோல இங்கும் இன்னொரு தொழில் முளைக்கலாம். ஆனால் முளைப்பது வேறு ஆட்களின் கையில் முளைக்கும்.

இதற்கிடையே குடிநீர் நெருக்கடியின் ஒரு முடிச்சு வேறு வழியில் தளர்ந்திருக்கிறது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொடங்கிய யாழ்ப்பாணம் – கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டம் முதலில் இரணைமடு நீரையே நம்பியது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள்; சிறுபோகத்துக்கே போதாத குளம் என்றார்கள். கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வந்தது, 2024இல் திறக்கப்பட்டது. தாளையடி சுண்டிக்குளத்துக்கு வடக்கே அதே கடற்கரையில்தான் இருக்கிறது. அந்த அளவுக்கு இரணைமடுவின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியிருக்கிறது.

அதனால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெரிய செலவும் இல்லை. மாரிக்காலத்தில் இரணைமடு மட்டம் எத்தனை அடி என்று வானொலியும் பத்திரிகையும் சொல்கின்றன. அதற்குப் பக்கத்தில் சுண்டிக்குளத்து நீர்மட்டத்தையும் ஒரு வரியில் சொல்லலாம். ஓர் அளவுகோல் பலகையும் அதை வாசிக்க ஒருவரும் போதும். நீர்ப்பாசனத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் அந்த இரண்டு எண்களையும் ஒரே மேசையில் வைத்தால், நவம்பரில் குளம் முக்கால் நிறைந்ததும் கதவை ஒரு கீற்று முன்கூட்டியே திறப்பது வெள்ளத்துக்கும் நல்லது, கடனீரேரிக்கும் நல்லது என்பது கண்ணில் படும். பெப்ரவரியில் குளத்தைக் குறைக்கவேண்டி வந்தால் ஓரிரவில் விடாமல் பத்து நாளில் விடலாம். விவசாயிக்கு இதில் இழப்பு வரக்கூடாது. நவம்பரில் விட்ட நீர் டிசம்பரில் திரும்ப நிறையாத ஆண்டும் வரும், அந்த ஆண்டுக்குச் சிறுபோக ஏக்கரை எப்படி ஈடுசெய்வது என்பதை முதலே பேசி எழுதிவைக்கவேண்டும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் விதைப்புக் கூட்டம் நடக்கிறது. எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் நீர் என்று அங்கேதான் முடிவாகிறது. அந்தக் கூட்டத்துக்கு இதுவரை மேலே வயல் வைத்திருப்பவர்கள்தான் போகிறார்கள். கண்டாவளைக்குக் கீழே வலை வைத்திருப்பவருக்கும் வாகனம் வைத்திருப்பவருக்கும் ஒரு நாற்காலி போடலாம்.